குட்டிக்கு வயிறு சரியில்லை

என் வீட்டுக்காரர் தரை துடைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆட்களை அனுப்புவார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர்களைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. ஐந்து தியேட்டர், ஒன்பது ஆட்கள், இருபத்தொரு வருட சர்வீஸ். புதிதாகச் சேருகிறவர்களை முதல் வாரம் மாப்பைத் தொடவே விடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று தான் துடைப்பதைப் பார்க்கச் சொல்வார். சுத்தமான மூலையில் ஆரம்பித்து அழுக்கான மூலைக்குப் போக வேண்டும். துடைத்த இடத்தில் திரும்பக் கால் வைக்கக் கூடாது. ஈரத்தைத் துணி போட்டு ஒற்றக் கூடாது, தண்ணீர் விட்டும் அலசக் கூடாது. மருந்து தரையில் பத்து நிமிடம் நின்று தானாகக் காய வேண்டும். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘பினாயில்’. பெரிய டாக்டர்கள்கூட ‘பினாயில் வந்தாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அந்த மனிதர் முகத்தில் ஒரு பெருமை வரும்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். இரண்டு அறை, ஒரு சமையலறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு டம்ளரைத் தொடமாட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபமே வராது. நான் கத்தினால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். முப்பது வருடம் சண்டை போட்டும் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசாத ஆளோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இந்தச் சுத்தம் அவர் பிறவிக் குணம் இல்லை. எங்கள் மூத்தவன் பதினோரு மாதத்தில் போய்விட்டான். வயிற்றுப்போக்குதான். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது, திங்கட்கிழமை பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருடமாகிறது. அப்போது அவர் அதே ஆஸ்பத்திரியில் ஜுர வார்டில் தினக்கூலி ஆள். அடுத்த வருடமே தியேட்டர் சுத்தம் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கழுவ ஆரம்பித்த கையை இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறார். பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, பேசினதும் இல்லை. தரையைத்தான் துடைப்பார். அவர் குனிந்து துடைக்கும்போதெல்லாம் ‘நீ வைத்திருந்த லட்சணம் இப்படித்தானே’ என்று என்னைக் குத்திக்காட்டுவதாகவே எனக்குப் படும். அதனால்தான் எனக்கு அந்த வாளியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள். போன மாதம் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நடு அறையில் வைத்தாள். உள்ளே ஐம்பது நாள் நாய்க்குட்டி. மண்ணெண்ணெய் நிறத்தில் கண், காதுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உம்முனு உக்காந்திருப்பீங்க. இவன் இருந்தா பேசுறதுக்காவது ஒரு விஷயம் இருக்கும்” என்றாள்.

“வேணாம்மா. நாய்னா கிருமி” என்று அவர் சுவரோரமாக ஒதுங்கினார். குட்டி பெட்டியிலிருந்து புரண்டு விழுந்து, தட்டுத்தடுமாறி நேராக அவரிடம் போய், அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் காலை அசைக்காமல் சிலை மாதிரி நின்றார். நானும் மகளும் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். அன்றைக்கு முதல் தடவையாக அவர் வேலைக்கு நேரம் கழித்துப் போனார். மகள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தாள். எங்களுக்கு அது குட்டிதான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை, மகள் கிளம்பின மூன்றாம் நாள் ஆரம்பித்தது. காலையில் குட்டி என் தையல் மெஷின் பக்கத்தில் தண்ணீராகக் கழிந்து வைத்திருந்தது. மஞ்சளாக, நாற்றம் குடலைப் பிடுங்கியது. நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். வெள்ளைச் சட்டைகள் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. நல்லவேளை, துணியில் படவில்லை.

“புது இடம், புதுப் பால். சின்னக் குட்டிக்கு இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தை நான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நடந்தார் என்று சொல்வது தப்பு, ஓடினார். நான் பின்னால் மூச்சிரைக்கப் போனேன். அங்கே டாக்டரம்மா குட்டியின் தோலைப் பிடித்து இழுத்துவிட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், பின்புறம் தெர்மாமீட்டரை வைத்தார். குட்டி அவர் கையைக் கடிக்கப் பார்த்தது.

“கடிக்கிறான்ல, நல்லாத்தான் இருக்கான். பாலை நிறுத்துங்க. சோத்தைக் குழைய வடிச்சு, கோழிக்கறியை உப்பு போடாம வேகவெச்சுப் பிசைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை குடுங்க. வயித்துப் பூச்சிக்கு மருந்து எழுதியிருக்கேன். வீட்டுல எலிமருந்து, பூச்சிமருந்து ஏதாவது அவனுக்கு எட்டுற மாதிரி வெச்சிருக்கீங்களா?”

“எங்க வீட்டுத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம் டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர். கேட்காத கேள்விக்கு ஒரு பதில். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். தியேட்டர் கதவு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு தாள் இருக்குமாம்: எத்தனை மணிக்குச் சுத்தம் செய்தது, யார் செய்தது, கையெழுத்து. இதில் அவர் போட்ட கட்டங்கள்: நேரம், சாப்பாடு, வாந்தி, கழிவு, நிறம், துடைத்தது, கையெழுத்து. கழிவுக்கு மூன்று வகை: கெட்டி, தளர்வு, தண்ணீர்.

“நாய் பேண்டதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டேன்.

“யார் பாத்தாங்களோ அவங்க போடணும்.”

“அதுகிட்டயே கைநாட்டு வாங்கிக்குங்க.”

பேனாவை நூலில் கட்டிக் கதவில் தொங்கவிட்டார். நானும் மறுநாளிலிருந்து கையெழுத்துப் போட்டேன். என்ன செய்ய, போடாவிட்டால் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

பாலை நிறுத்தியதும் ஒரு நாள் தேவலாம்போல இருந்தது. ‘தளர்வு’ என்று இரண்டு தடவை எழுதினோம். மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னோம். மறுநாள் மறுபடியும் ‘தண்ணீர்’. மகள் அங்கிருந்து எதை எதையோ படித்துவிட்டு ஒவ்வொரு மணிக்கும் கூப்பிட ஆரம்பித்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். தட்டை மாற்றினோம். கோழியை நிறுத்தி வெறும் சோறு கொடுத்தோம். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை, வாந்தியும் சேர்ந்துகொண்டது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்து குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். “கிருமி தரையிலதான் இருக்கு. நக்கிக்கிட்டே இருக்கான் பாரு. தரையிலேர்ந்துதான் உள்ள போகுது” என்றார். இரண்டு வேளை துடைத்த தரையை நான்கு வேளை துடைத்தார். நான்கு ஆறானது. ஒரு மூடி ஊற்றுகிற வாளியில் தியேட்டர் அளவுக்குப் பினாயிலைக் கலந்தார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும். கண் எரியும், எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது.

“குட்டி சாகுறதுக்கு முன்னாடி நான் மூச்சு முட்டிச் செத்துருவேன்” என்று கத்தினேன். வாய் தவறி வந்த வார்த்தை. அவர் மாப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்; கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

இதற்கு நடுவில் மாடிவீட்டு அண்ணன் ஒருத்தர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் போனாலும் வாய் போகவில்லை. தினமும் இறங்கி வந்து ஜன்னல் வழியாக விசாரிப்பார்.

“ஏம்மா தங்கச்சி, ரத்தம் கலந்து போச்சா?”

“இல்லண்ணே.”

“போச்சுன்னா பார்வோதான். அந்தக் கழிச்சல் வந்துச்சுன்னா குட்டிக்கு அடுத்த ஸ்டாப்பே கிடையாது. நேரா டிப்போதான்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணே உங்களுக்கு?”

“உள்ளதைச் சொன்னேன். என் மச்சினன் வீட்டுல நாலு குட்டி, நாலும் டிக்கெட்.”

நான் ஜன்னலைச் சாத்தினேன். ஆனால் அந்த ‘பார்வோ’ உள்ளே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு ஏழாவது தடவையாகத் தரையைத் துடைத்தார்.

எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. குட்டி வந்த நாளிலிருந்து என் மெஷின் அடியில்தான் அதற்கு விளையாட்டு. நூல் துண்டு, பட்டன், கொக்கி, எது கீழே விழுந்தாலும் வாயில். இரண்டு பட்டன் கணக்குத் தவறியது. நூல் குடலில் சுற்றிக்கொண்டால் பிழைக்காது என்று எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, குட்டி கழிந்ததை ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பேன். ஒருநாள் கொல்லையில் குனிந்து கிளறிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மோதிரம் தொலஞ்சு போச்சா?” என்றார். “ஆமாண்ணே, வந்து தேடிக் குடுங்க” என்றேன். மனுஷன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கிடைத்தது. விரல் நீளத்துக்கு நீல நூல். சீருடைப் பாவாடைக்கு நான் போடுகிற நூல்.

மறுபடியும் நானா என்றுதான் முதலில் தோன்றியது. மூத்தவனுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முந்தின நாள், பால் பாட்டில் கீழே விழுந்து ரப்பர் மண்ணில் புரண்டது. பிள்ளை வீறிட்டு அழுதான். அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்க வைக்கப் பொறுமை இல்லாமல் குழாய்த் தண்ணீரில் அலசி அப்படியே வாயில் வைத்துவிட்டேன். அதை என்னைப் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை; அவருக்கு மட்டும் எப்படியோ தெரியும் என்று எனக்குள் ஓர் எண்ணம். இப்போது இந்த நூல். தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு வந்து, தாளில் ‘தண்ணீர், மஞ்சள்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்க் கையெழுத்து. அன்றைக்கு முழுக்க அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை குட்டி எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. வெள்ளை நுரையாக வாந்தி. கழிந்ததில் சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும் அவர் ஒரு சத்தம் போட்டார், அது வார்த்தை இல்லை. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கதவிலிருந்த தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தார். தியேட்டர் ஆள் எங்கே போனாலும் ரிக்கார்டு இல்லாமல் போகமாட்டான். நான் ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா குட்டியைப் பார்த்ததும் இந்தத் தடவை ஒன்றும் வேடிக்கையாகப் பேசவில்லை. சின்னப் பஞ்சுக் குச்சியில் கழிவை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டார். “பத்து நிமிஷம். ஒரு கோடு வந்தா பார்வோ இல்ல. ரெண்டு கோடு வந்தா...” என்று நிறுத்தினார்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது? அவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நின்றால் நிற்கமாட்டார், உட்கார்ந்தால் உட்காரமாட்டார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ‘நூல்னு சொல்லிடு, நூல்னு சொல்லிடு’ என்று எனக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தேன். எழுந்து டாக்டரம்மாவிடம் போனேன்.

“டாக்டர், தப்பு என் மேலதான். அது என் நூலைத் தின்னுடுச்சு. வியாழக்கிழமை வெளிய வந்துச்சு. நான் மறைச்சிட்டேன்.”

“எவ்வளவு நீளம்?”

விரலைக் காட்டினேன். டாக்டரம்மா குட்டியின் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். “உள்ள எதுவும் சிக்கின மாதிரி தெரியல. வந்தது வந்துடுச்சு, விடுங்கம்மா. இது அதனால இல்ல.” பட்டையை எடுத்துப் பார்த்தார். “ஒரே கோடு. பார்வோவும் இல்ல.”

“அப்ப என்ன டாக்டர்?” என்று அவர் வாசலிலிருந்தே கேட்டார்.

டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்தார். நாக்கின் ஓரமெல்லாம் வெந்து சிவந்திருந்தது. பாதத்தைத் திருப்பினார், விரல் இடுக்குகள் செக்கச் செவேல் என்றிருந்தன. வயிற்றில் முடி இல்லாத இடமும் அப்படியே. குனிந்து மோந்து பார்த்தார்.

“எதுல நடந்தான் இவன்?”

அவர் தாளை எடுத்து விரித்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒரு விரலை ‘துடைத்தது’ கட்டத்திலும் இன்னொரு விரலை ‘வாந்தி’ கட்டத்திலும் வைத்துக் கீழே இறங்கினார். ஏழு மணிக்குத் துடைத்தது, ஏழே முக்காலுக்கு வாந்தி. பத்துக்குத் துடைத்தது, பதினொன்றுக்குத் தண்ணீர். பன்னிரண்டரைக்குத் துடைத்தது, ஒன்றேகாலுக்கு வாந்தி. ஒவ்வொன்றின் எதிரிலும் என் வீட்டுக்காரர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. அந்த விரல் பாதித் தாள் இறங்குவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

“பினாயிலா? எவ்வளவு கலக்குறீங்க?”

“தியேட்டர் அளவு.”

“அப்புறம் நல்ல தண்ணி விட்டு அலசுவீங்களா?”

“அலசக் கூடாது டாக்டர். மருந்து நிக்க...”

“தியேட்டர்ல யாரும் வெறுங்காலோட நடக்க மாட்டாங்க சார். நடந்துட்டு வந்து காலை நக்கவும் மாட்டாங்க. முதல்ல பாலாலயோ பூச்சியாலயோதான் வயிறு கெட்டிருக்கும். அது அன்னிக்கே சரியாப் போயிருக்கணும். நான் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் இல்லை, என் நூல் இல்லை, என் அழுக்கு இல்லை. இருபத்திரண்டு வருடமாக என்னைக் குத்திக்கொண்டிருந்த அந்தச் சுத்தம்தான் இந்தக் கேட்டைச் செய்தது. ‘பாத்தீங்களா, பெரிய சுத்தக்காரரு!’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்காகவே திரும்பினேன். அவர் தன் கை இரண்டையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். வந்த வார்த்தையை மென்று விழுங்கினேன்.

குட்டியைக் கழுவித் துடைத்து, முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். “உள்ள புண்ணாயிருக்கு. ஆறணும். மூணு நாள் காலையில கொண்டு வாங்க. தானா வாய் வெச்சுத் தின்னான்னா பொழச்சான்” என்றார் டாக்டரம்மா. தின்னாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டை நான்தான் அலசினேன். வெறும் தண்ணீர், நான்கு தடவை. அவரைக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பினாயில் கேனை மாடிவீட்டு அண்ணனிடம் கொடுத்தேன். “எனக்கெதுக்கும்மா இவ்வளவு?” என்றவரிடம், “உங்க வாயைக் கழுவுங்க” என்றேன். விவரம் கேட்டதும் பாவம், கேனைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அன்று மாலை ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து, “குட்டிக்குக் கீழ விரிம்மா” என்று வைத்துவிட்டுப் போனார்.

துடைக்க முடியாத மனிதரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். எழுவார், ஜன்னல்வரை போவார், வருவார். குழாயைத் திறப்பார், கையை நீட்டுவார், கழுவாமலே மூடிவிடுவார். குட்டி செய்தித்தாள் மேல் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. ஞாயிறு போனது. சோற்றுக் கிண்ணத்தை மூக்குக்கு அருகில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகள் போனில் அழுதாள். ‘நான் எதுக்குக் கொண்டாந்து விட்டேன்’ என்று அவள் ஒரு பக்கம் தன்னைத் திட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வியாதிதான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமை என்றாலே எனக்கு ஆகாது. டிரிப் போட்டு வந்த பிறகு, கோழித் தண்ணீரில் குழைத்த சோற்றைக் கிண்ணத்தில் எடுத்தேன். குட்டி திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக மூக்கை நீட்டி நீட்டி மோந்தது.

“நீங்க குடுங்க.”

“வேணாம். நீயே குடு.”

“உங்க பக்கம்தான் மோந்துக்கிட்டு இருக்கான்.”

“என் கையால வேணாம்மா.” கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என் கை வேணாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இப்ப குடுக்கப் போறீங்களா இல்லையா? அது செத்துச்சுன்னா சோறு குடுக்காததுனாலதான் சாகும். அதுக்கும் உக்காந்து இருபது வருஷம் தரை தொடைப்பீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால் கொஞ்சம் சோற்றை வழித்து, கையை நீட்டினார். குட்டி மோந்தது. நாக்கை நீட்டி ஒரு பருக்கையை எடுத்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு விரலையே நக்க ஆரம்பித்தது, விடவில்லை. நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். “இங்க வா! சீக்கிரம் வா!” என்று அவர் போட்ட கூச்சலில் ஊசி விரலில் ஏறியிருக்கும். ஓடினேன். கதவு மூலையில், செய்தித்தாளை விட்டு ஒரு முழம் தள்ளி, குட்டி வெளிக்குப் போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தோம்.

“கெட்டி” என்றார்.

“கெட்டிதான்” என்றேன்.

“நல்லா பாரு.”

“பாத்துட்டேங்க. கல்லு மாதிரி இருக்கு.”

குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய சாதனை செய்தது போல வாலை ஆட்டியது. நான் சிரித்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் என்னவோ ஆகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துடைக்காத தரையில்.

“மூத்தவனுக்கும் நான்தான்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

“ஜுர வார்டுலேர்ந்து வருவேன்ல. வாசல்ல என் செருப்புச் சத்தம் கேட்டாலே தவழ்ந்து வந்துருவான். கையைக் கழுவிட்டுத் தூக்கலாம்னு போனா அழுவான். அவன் அழுறது பொறுக்காம அப்படியே தூக்கிருவேன். தெனமும். வார்டுல இருந்த அழுக்கையெல்லாம் அந்தக் கையிலதான்...”

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக யாரைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னை இல்லை.

“அது இல்லங்க. பாட்டில். கீழ விழுந்த பாட்டிலை நான் கொதிக்க வெக்காம குடுத்தேன்.”

“எந்தப் பாட்டில்?”

“பால் பாட்டிலுங்க. வியாழக்கிழமை. உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியாது என்று தலையை ஆட்டினார். எந்தப் பாட்டிலுக்காக அவர் என்னைக் குற்றம் சொல்கிறார் என்று நினைத்து நினைத்து நான் அவரோடு மல்லுக்கு நின்றேனோ, அப்படி ஒரு பாட்டில் விழுந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

அவர் மெதுவாகக் கேட்டார். “அன்னிக்கு டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? தெருக்குழாய்ல சாக்கடை கலந்துருச்சு, அந்த மாசம் மட்டும் நம்ம தெருவுல ஆறு பிள்ளைங்கன்னு.”

“இருக்கு.”

“நீ நம்புனியா?”

“இல்ல. நீங்க?”

“நானும் நம்பல.”

குட்டி வந்து எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் புகுந்து சுருண்டுகொண்டது. அதன் வயிறு சூடாக ஏறி இறங்கியது. அவர் அதன் மேல் கையை வைத்தார். கழுவாத கை.

“இப்ப நம்பலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

“நம்பிப் பாப்போங்க” என்றேன்.